அவனா, அவரா?

பல வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கித் தருவது என் வேலை. ஒரு நாள் மாலை, பக்கம் முடிய அரை மணி நேரமே இருந்தபோது, ஏழெட்டு வரியில் ஒரு செய்தி வந்தது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து, கூலித் தொழிலாளி ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவசரத்தில் நான் எழுதிக் கொடுத்தது இப்படி: ‘சாரத்தில் நின்றிருந்த தொழிலாளி தவறி விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தான்.’

மறுநாள் பகல் தொலைபேசி வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண்ணின் குரல். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. “எங்கப்பாவைப் பத்தி நீங்க போட்டிருக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்லை. பேரு, வயசு, ஊரு எல்லாம் சரியா இருக்கு. ஆனா அதே பக்கத்துல மந்திரி அடிக்கல் நாட்டினார்னு போட்டிருக்கீங்க. எங்கப்பா மட்டும் ஏன் விழுந்தான்?”

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆங்கில மூலத்தின் மீது பழி போடவும் வழியில்லை. அங்கே மந்திரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே ‘ஹீ’தான். ஒருவரை ‘ஆர்’ என்றும் இன்னொருவரை ‘ஆன்’ என்றும் பிரித்தது நான்தான். அதுவும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் ‘பொன்னியின் செல்வ’னை எடுத்தேன். மனம் சரியில்லாதபோதெல்லாம் நான் போய் நிற்கிற இடம் அந்த வீரநாராயண ஏரிக்கரைதான். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. குதிரை மேல் ஒரு வாலிபன். வந்தான், பார்த்தான், வியந்தான். சட்டென்று நிறுத்தினேன். இவனும் ‘அவன்’தானே? பகலில் முள்ளாகக் குத்திய அதே ‘ஆன்’, இங்கே ஏன் இவ்வளவு இனிக்கிறது?

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. நமக்குப் பிடித்த கதாநாயகர்கள் யார், ஏன் பிடிக்கிறது என்று யார் கேட்டாலும் வீரம், அழகு, தியாகம் என்று பட்டியல் போடுவது வழக்கம். நான் என் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. எனக்குப் பிடித்தவர்கள் அநேகமாக எல்லோருமே ‘அவன்’கள். யோசித்துப் பாருங்கள், ‘கதாநாயகன்’ என்ற சொல்லே ‘ன்’னில்தான் முடிகிறது. கதாநாயகர் என்று ஒருமையில் யாரும் சொல்வதில்லை.

இலக்கணம் என்ன சொல்கிறது? ‘அவர்’ என்பது பிறப்பில் பன்மைச் சொல். ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் முறையே தவிர இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியர் அன்றைக்கே பிரித்துக் காட்டிவிட்டார். சங்கப் பாடல்களில் மூவேந்தரும் ‘அவன்’ ஆவது சகஜம். கம்பனுக்கு இராமன் ‘அவன்’. ஆழ்வார்களுக்கும் நாயன்மார்களுக்கும் ஆண்டவனே ‘அவன்’. கடவுளை ஒருமையில் அழைத்துவிட்டு தாசில்தாரைப் பன்மையில் அழைக்கிற சமூகம் நம்முடையது. பயம் இருக்கிற இடத்தில் ‘அவர்’, உரிமை இருக்கிற இடத்தில் ‘அவன்’ என்று கணக்குப் போட்டால் பாதி சரியாக வரும். மீதிப் பாதி வராது. பயமும் இல்லாமல் உரிமையும் இல்லாமல், வெறும் அலட்சியத்தால் சொல்லப்படும் ‘அவன்’ ஒன்று உண்டு. அந்தப் பெண் கேட்டது அதைப் பற்றித்தான்.

அக்கம்பக்கத்து மொழிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். மலையாளத்தில் ‘அவ’னுக்கும் ‘அத்தேஹ’த்துக்கும் நடுவில் ‘அயாள்’ என்று ஒரு சொல் உண்டு. அவமதிப்பும் இல்லை, வணக்கமும் இல்லை. தெலுங்கில் ‘வாடு’க்கு மேலே ‘அதனு’, அதற்கு மேலே ‘ஆயன’. கன்னடத்தில் ‘அவனு’, ‘ஆதனு’, ‘அவரு’. தமிழில் இந்த நடுப்படி இல்லை. ஒன்று தரையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திண்ணையில் ஏற வேண்டும். பிற மொழிக் கதை எதைத் தமிழுக்குக் கொண்டுவந்தாலும் முதல் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: இந்த ஆள் அவனா, அவரா? அந்தத் தீர்ப்பைச் சொல்லிச் சொல்லித்தான், கதாநாயகர்களை நாம் ஏன் நேசிக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

வந்தியத்தேவனிலிருந்தே தொடங்கலாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது அதன் பெயர்க் கதாநாயகன் அருள்மொழிவர்மன். பிற்காலத்து இராஜராஜ சோழன். குணவான், வீரன், கிடைக்கிற மகுடத்தையே விட்டுக்கொடுப்பவன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வாசகரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பெயர் வந்தியத்தேவன்தான். மணியம் வரைந்த படங்களோடு படித்த தலைமுறையும் அதையே சொன்னது. 2022-இல் திரைப்படமாக முதல் பாகம் வந்தபோது அரங்கில் கைதட்டிய தலைமுறையும் அதையே சொன்னது.

காரணம் என்ன? அவனுக்கு ராஜ்யம் இல்லை. குலப்பெருமை பழங்கதை. காஞ்சியிலிருந்து ஓலை கொண்டுபோகிற வேலை. கடம்பூர் மாளிகையில் ஒட்டுக் கேட்கிறான். முத்திரை மோதிரத்தைக் காட்டித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான். தேவைப்பட்டால் கூசாமல் பொய் சொல்கிறான். கோடிக்கரையில் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். அவள்தான் கைகொடுத்துக் கரையேற்றுகிறாள். அழகான பெண்ணைக் கண்டால் வாய் அடங்குவதில்லை. பழுவேட்டரையர்களின் பெயரிலேயே ‘அர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடத் தோன்றும். வந்தியத்தேவனைப் பார்த்தால் தோளில் கைபோடத் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவன் வெறும் கற்பனை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், இராஜராஜனின் தமக்கை குந்தவையின் கணவராக அவர் பெயர் இருக்கிறது. அங்கே அவர் வல்லவரையர் வந்தியத்தேவர். கல்லில் ‘தேவர்’ என்று வெட்டி வைத்திருந்தவரைக் கல்கி ‘தேவன்’ ஆக்கினார். ஓர் எழுத்துதான் மாறியது. கல்வெட்டிலிருந்து இறங்கி வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான்.

துப்பறியும் கதைகளிலும் இந்த இறக்கம் நடந்திருக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் நமக்கு எப்போதும் ‘அவர்’. தேநீர் அருந்துவார், சிந்திப்பார், குற்றவாளியைக் கண்டுபிடிப்பார். கசங்காத உடைபோலக் கசங்காத மரியாதை. பிறகு சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள். இருவருமே ‘அவன்’. வக்கீல் தொழில், கூர்மையான மூளை, ஆனாலும் ‘என்றான்’தான். வசந்தின் குறும்புக்கு ‘என்றார்’ போட்டால் அந்த நிமிடமே அவனுக்கு வயதாகிவிடும். வங்காளத்தில் சத்யஜித் ராய் 1965-இல் ‘சந்தேஷ்’ பத்திரிகையில் ஃபெலுடாவை அறிமுகம் செய்தார். கதை சொல்வது தம்பி முறையான தோப்ஷே. கூடவே வரும் எழுத்தாளர் லால்மோகன்பாபு பேசினால் வங்காள வினைச்சொல் மரியாதையோடு ‘பொல்லேன்’ என்று முடியும். ஃபெலுடா பேசினால் வெறும் ‘பொல்லோ’. அறிவில் உயர்ந்தவன் ஃபெலுடா, ஆனால் அவன் நம் அண்ணன். ‘அண்ணன் சொன்னான்’ என்று சொல்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தவர்கள் ஜெயிக்கிற ஜாதி. தோற்கிறவனை ஏன் பிடிக்கிறது?

தேவதாஸ் என்ற பெயரை எடுத்தாலே சிலர் முகம் சுளிப்பார்கள். சரத்சந்திரர் இளம் வயதிலேயே எழுதிவைத்து, 1917-இல் புத்தகமாக வந்த நாவல். கதாநாயகனிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நல்ல செயல்கூட இல்லை. ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. நள்ளிரவில் தன் மானத்தைப் பணயம் வைத்துத் தேடி வந்த பார்வதிக்கு உறுதியாக ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லை. கல்கத்தாவுக்கு ஓடிப்போய் ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியபின் வருந்துகிறான். வருந்தித் திரும்பி வந்து, அவள் மறுத்ததும் தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடிக்கிறான். அதற்குப் பிறகு குடி. கடைசியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, அவள் வீட்டு வாசலில் யாரென்று தெரியாத பிணமாகிறான்.

இந்த ஆளை இந்தியா நூறு ஆண்டுக்கு மேல் சுமந்துகொண்டு திரிகிறது. 1936-இல் சைகல், 1953-இல் தமிழிலும் தெலுங்கிலும் நாகேஸ்வரராவ், 1955-இல் திலீப் குமார், 2002-இல் ஷாருக் கான். ஒவ்வொரு தலைமுறையும் ‘என்ன மனுஷன் இவன்’ என்று திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

நான் இதைப் புரிந்துகொண்டது இப்படி. தேவதாஸ் பிறவியில் ‘அவர்’. வேலைக்காரர்களும் குடியானவர்களும் சின்ன எஜமான் என்று கைகட்டி நின்றிருக்க வேண்டியவர். அந்த மரியாதைதான் அவரைக் கோழையாக்குகிறது. குடும்பம் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இழந்து, கடைசி மாட்டுவண்டியில் படுத்திருக்கும்போதுதான் முழுசாக ‘அவன்’ ஆகிறான். சரத்சந்திரர் முடிவில் கதையை நிறுத்திவிட்டு நேராக வாசகரைப் பார்த்து, இந்தப் பாவிக்காகக் கொஞ்சம் வருந்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். நல்லவன் என்று அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் நாம் மறுத்திருப்போம். அவனிடம் நம்மைப் போல ஒரு கோழை இருப்பதை இருநூறு பக்கத்துக்குள் காட்டிவிட்டார். நம்மில் எத்தனை பேர் ஒரு கடிதத்தை எழுதியிருக்கக்கூடாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

மேலேயிருந்து இறங்கி வந்தவனை ‘அவன்’ என்பது சுலபம். அதில் நமக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருக்கலாம். ஊரே எப்போதும் ‘அவன்’ என்று அழைத்துக்கொண்டிருப்பவனை என்ன செய்வது? இங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்கு வேர்க்கிறது.

பிரேம்சந்த் 1936-இல் ‘கோதான்’ நாவலை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். கதாநாயகன் ஹோரி, அவத் பகுதியில் ஒரு சின்னக் குடியானவன். வாசலில் ஒரு பசு கட்டியிருக்க வேண்டும் என்பது அவன் வாழ்நாள் ஆசை. வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. பசு கடனுக்கு வருகிறது. கூடப் பிறந்த தம்பியே பொறாமையில் விஷம் வைக்கிறான். தம்பியைப் போலீசில் காட்டிக்கொடுக்க ஹோரிக்கு மனசு வரவில்லை. பஞ்சாயத்து அபராதம், வட்டி, கடனுக்கு மேல் கடன். கடைசியில் கொளுத்துகிற வெயிலில் கூலிக்கு உழைத்துச் சுருண்டு விழுகிறான். சாகிறவனுக்குக் கோதானம் செய்ய வேண்டும் என்கிறார்கள். மனைவி தனியா வீட்டில் இருந்த இருபது அணாவைக் கொண்டுவந்து புரோகிதரிடம் கொடுக்கிறாள்.

ஹிந்தியில் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். ஹோரி நடந்தால் ‘ஜாதா தா’, ஒருமை. ஜமீன்தார் ராய் சாகேப் பேசினால் ‘போலே’, மரியாதைப் பன்மை. பிரேம்சந்துக்கு இது தெரியாமல் நடந்திருக்குமா? குடியானவன் பக்கம் நின்று எழுதியவர் அவர். இருந்தும் ஊர் எப்படி அழைத்ததோ அப்படியேதான் எழுதினார். ஆனால் நாவல் நகர நகர ஒரு மாயம் நடக்கிறது. ராய் சாகேபின் பன்மை நமக்குப் போலியாகக் கேட்கத் தொடங்குகிறது. ஹோரியின் ஒருமை கனமேறிக்கொண்டே போகிறது. கடைசிப் பக்கத்தில் அவன் விழுந்து கிடக்கும்போது அந்த ‘அவன்’ நம் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சொல்வதுபோல ஆகிவிடுகிறது. சொல் மாறவில்லை, சொல்லுகிற நாம் மாறிவிட்டோம்.

தனியாவைச் சொல்லாமல் போனால் பாவம். தம்பி வீட்டைச் சோதனை போடாமலிருக்க ஹோரி கடன் வாங்கித் தாரோகாவுக்கு லஞ்சம் கொடுக்கப் போகையில், பணத்தைத் தட்டிப் பறித்து ஊர் முன்னால் கத்துகிறவள் அவள்தான். கதையில் முதுகெலும்பு உள்ள ஆள் யார் என்றால் அவள்தான். பெண்களுக்கு இந்த ‘அவனா, அவரா’ வழக்கே வெகுநாள் வரவில்லை. தமிழ்க் கதைகளில் டாக்டரானாலும் ‘அவள்’, ராணியானாலும் பெரும்பாலும் ‘அவள்’. அது தனியாக ஒரு வாரம் எழுத வேண்டிய சங்கதி.

ஹோரி விஷயத்தில் ஹிந்தி எனக்கு வழிகாட்டியது. மூலத்தில் இருந்த ஒருமையைத் தமிழில் கொண்டுவந்தால் போதும். ஆங்கிலம் வழிகாட்டாது. முல்க் ராஜ் ஆனந்த் 1935-இல் வெளியிட்ட ‘அன்டச்சபிள்’ நாவலின் முதல் சில பக்கங்களை ஒரு முறை பயிற்சிக்காகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரே ஒரு நாளில் நடக்கிற கதை. பாக்கா என்ற பதினெட்டு வயதுத் துப்புரவுத் தொழிலாளி. வெள்ளைக்கார சிப்பாய்களைப் போல உடுத்திக்கொள்ள ஆசை. ஹாக்கி மட்டை ஒன்று கிடைத்தால் உலகமே கிடைத்த மாதிரி. கடைத்தெருவில் ஜிலேபி வாங்குகிறான். கடைக்காரர் பொட்டலத்தைப் பந்துபோலத் தூக்கிப் போடுகிறார், கை பட்டுவிடக் கூடாதே என்று. ஜிலேபியின் ருசியில் தன்னை மறந்து நடக்கும்போது மேல்ஜாதிக்காரர் ஒருவர் மீது பட்டுவிடுகிறான். கூட்டம் கூடி ஏசுகிறது. கன்னத்தில் அறை விழுகிறது.

தொலைபேசியில் கேட்ட அந்தப் பெண்ணின் குரல் என் காதில் இன்னும் இருந்தது. பிராயச்சித்தமாகப் பாக்காவை ‘அவர்’ ஆக்கினேன். பாக்கா எழுந்தார், பாக்கா துடைப்பத்தை எடுத்தார், பாக்கா ஜிலேபி வாங்கினார். இரண்டு பக்கம் முடித்துப் படித்துப் பார்த்தேன். பதினெட்டு வயதுப் பையன் காணாமல் போயிருந்தான். அவன் இருந்த இடத்தில் மாலை போட்ட சிலை ஒன்று நின்றது. சிலைக்கு ஜிலேபி இனிக்குமா? கன்னத்தில் அறைந்தால் வலிக்குமா? மரியாதை கொடுத்து ஆளைத் தொலைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘அவன்’ என்று திரும்ப எழுதினேன். புதுச் சிக்கல் முளைத்தது. தெருவில் ஏசுகிறவர்களும் ‘அவன்’ என்கிறார்கள், கதை சொல்கிற நானும் ‘அவன்’ என்கிறேன். இரண்டும் ஒன்றாகிவிடாதா? ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு விடை நாவலிலேயே இருக்கிறது. ஏசுகிறவர்கள் அவனை அரை நிமிடம் பார்த்தவர்கள். நாம் விடியற்காலைக் குளிரில் கிழிந்த போர்வைக்குள் அவன் நடுங்கியதிலிருந்து கூடவே நடந்து வந்திருக்கிறோம். அவன் எதற்கு ஆசைப்பட்டான், எதற்குக் கூசினான் என்று நமக்குத் தெரியும். ‘அவன்’ என்று சொல்ல அவர்களுக்கு ஜாதி போதும். நமக்கு அது போதாது. ஒரு நாள் முழுக்க அவனோடு அலைந்துதான் அந்தச் சொல்லைச் சம்பாதித்தோம்.

இந்தக் கணக்கையே தலைகீழாக்கிப் பார்த்தவர் ஆர்.கே. நாராயண். ‘தி கைடு’ 1958-இல் வந்தது. 1960-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. மால்குடி ரயிலடியில் கடை வைத்திருந்த ராஜு, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகிறான். மார்கோவின் மனைவி ரோஸியை நாட்டியக்காரியாக உயர்த்தி, அவள் பணத்தில் ஆடம்பரமாக வாழ்ந்து, நகைக்காகக் கள்ளக் கையெழுத்துப் போட்டு ஜெயிலுக்குப் போகிறான். விடுதலையானபின் போக்கிடம் இல்லாமல் ஆற்றங்கரைக் கோயில் படியில் உட்கார்ந்திருக்கும்போது வேலன் என்ற கிராமத்தான் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து பயபக்தியோடு பார்க்கிறான். சாப்பாடு வருகிறது. சாப்பாட்டுக்காக ராஜு சாமியாராகிறான்.

ஆங்கிலத்தில் ஒரே ‘ஹீ’ கடைசி வரை ஓடிவிடும். தமிழில் ஓடாது. வேலன் வாயில் அவர் ‘சாமி’. கதை சொல்கிறவருக்கு அவன் ராஜு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘சாமி சொன்னார்’ என்று வேலன் நினைக்க, ‘பசிக்கிறதே’ என்று அவன் நினைத்தான். நாராயண் வீட்டில் பேசியது தமிழ். அந்த வேறுபாடு அவர் காதில் கேட்டிருக்காமல் இராது.

மழை பொய்க்கிறது. சாமி உண்ணாவிரதம் இருந்தால் மழை வரும் என்று ஊர் நம்பிவிடுகிறது. ராஜு தப்பிக்கப் பார்க்கிறான். வேலனைக் கூப்பிட்டுத் தன் முழுக் கதையையும், ஜெயில் உட்பட, சொல்லிவிடுகிறான். இதோடு ‘அவர்’ உதிர்ந்து ‘அவன்’ ஆகிவிடுவோம், விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறான். வேலன் எல்லாம் கேட்டுவிட்டு அப்போதும் ‘சாமி’ என்றே அழைக்கிறான். அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில், தனக்கென்று எதுவும் இல்லாமல் முதல்முறையாக ஒரு காரியத்தை முழு மனதோடு செய்தால் என்ன என்று ராஜுவுக்குத் தோன்றுகிறது. கடைசி நாள், எலும்பும் தோலுமாக, இருவர் தாங்கிப் பிடிக்க ஆற்றில் இறங்குகிறான். மலையில் மழை பெய்வது தன் கால்களில் தெரிகிறது என்று சொல்லியபடியே சாய்கிறான். மழை வந்ததா, செத்தானா என்று நாராயண் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில் ‘சாய்ந்தான்’ என்பதா, ‘சாய்ந்தார்’ என்பதா? எத்தனையோ முறை மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘சாய்ந்தார்’ என்றால் நான் வேலனோடு சேர்ந்து கும்பிட்டு விலகிவிடுகிறேன். ‘சாய்ந்தான்’ என்றால், அந்தப் பொய்யனை, திருடனை, ரயிலடிக் கடைப் பையனை, முழங்கால் தண்ணீரில் நான் தாங்கிப் பிடிக்கிறேன். என் வாக்கு ‘சாய்ந்தா’னுக்குத்தான். ஒரு மனிதன் மகானாக முடியுமா என்பதுதான் கதையின் கேள்வி. மனிதனை விட்டுவிட்டால் கேள்வியே இல்லை.

பிடித்த கதாநாயகன் யார் என்ற கேள்விக்கு இப்போது நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். பசி தெரிந்தவன், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன், பயந்தவன், ஆசைப்பட்டவன். இவற்றையெல்லாம் நாம் கூட இருந்து பார்த்தவன். பலவீனம் இருப்பதால் மட்டும் அவனைப் பிடித்துவிடுவதில்லை. பலவீனத்தை நம்மிடம் மறைக்காமல் காட்டியதால் பிடிக்கிறது. அப்படிக் காட்டியவன் நமக்கு ஓர் உரிமையைத் தருகிறான். அதன் பெயர்தான் ‘அவன்’.

அந்த உரிமையைக் கொடுக்க நாவலாசிரியருக்கு ஐந்நூறு பக்கம் தேவைப்படுகிறது. எனக்கு அன்று ஏழெட்டு வரிதான் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்தவர் அன்று காலை என்ன சாப்பிட்டார், எதற்கு ஆசைப்பட்டார், மகளை எந்த வகுப்பில் சேர்த்திருந்தார், எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத ஒருவரை ‘அவன்’ என்றேன். சந்தையில் பாக்காவை ஏசியவர்களுக்கும் எனக்கும் அந்த நிமிடத்தில் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு என் மேஜையில் நான் எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன். செய்தியில் வருகிற பெரியவர் யாராக இருந்தாலும் ‘அவர்’தான். கூலித் தொழிலாளி, ரிக்ஷாக்காரர், குற்றம் சாட்டப்பட்டவர், எல்லோரும். ஏழை என்றால் ‘கைதானான்’, பணக்காரர் என்றால் ‘கைதானார்’ என்று எழுதுகிற பழக்கம் நம் தொழிலில் இன்னும் முழுசாகப் போகவில்லை. ‘திருடனுக்கு என்ன சார் மரியாதை?’ என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வதும் உண்டு. திருடினார் என்று இன்னும் நீதிமன்றம் சொல்லவில்லையே என்று பதில் சொல்வேன். மனதுக்குள் நினைப்பது வேறு. அவரைத் திருடன் என்று உரிமையோடு திட்டுவதற்குக்கூட எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

இறந்துபோனவரின் தாய் அன்று உயிரோடு இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால், ‘என் பிள்ளை விழுந்துட்டானே’ என்றுதான் அழுதிருப்பார். அந்த ‘ஆன்’ அவருக்கு உரியது. பத்து மாதம் சுமந்து வாங்கியது. அதை நான் எடுத்து அச்சில் போட்டிருக்கக் கூடாது.